நர்சம்மா பார்க்காத பிரசவம்

"என்ன போட்டு மயக்கி வச்சிருக்க?"

நர்சம்மா உண்ணாமலையிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். நின்றுகொண்டே கேட்டார். ஸ்கூட்டரைக் கீழே நிறுத்திவிட்டு ஏற்றம் ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

உண்ணாமலை வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"யார மயக்கினேன்?"

"இந்த மலையில பதினோரு பேரு முழுகாம இருக்காங்க. பதினோரு பேரும் என் நோட்டுல இருக்காங்க. செக்கப்புக்கு வர்றது ரெண்டே பேரு. மிச்சம் ஒம்பது பேரும் உன் வாசல்லதான் கெடக்குறாங்க. என்ன மருந்து குடுக்குற, சொல்லு. நானும் அதையே குடுக்குறேன்."

"கூழு குடுப்பேன்."

"வேற?"

"மோர் இருந்தா மோரும் ஊத்துவேன்."

நர்சம்மா வானத்தைப் பார்த்தார்.

அவர் பெயர் தமயந்தி. ஐம்பத்தொரு வயசு, இருபத்துநாலு வருஷ சர்வீஸ். மாற்றலாகி எங்கள் மலைக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. உண்ணாமலைக்கு முப்பத்தாறு. சுற்றி நாலு ஊருக்கு அவள்தான் மருத்துவச்சி. என் வீட்டுக்காரருக்கு அக்கா முறை, எனக்கு அண்ணி. அடுத்த வீடு.

அந்த ஒன்பது பேரில் நானும் ஒருத்தி. தலைச்சன். அப்போது ஆறாம் மாதம். ஸ்கூட்டர் சத்தம் கேட்டதுமே பலாமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அங்கிருந்தே எல்லாம் கேட்டது.

"சரி," என்றார் நர்சம்மா. "எனக்குக் கத்துக் குடு."

"என்னாத்த?"

"உனக்குத் தெரிஞ்சத."

"உனக்கே எல்லாம் தெரியுமேக்கா. ஊசி போடுற. ரத்தம் எடுக்குற. எழுதுற."

"தெரிஞ்சு என்ன பண்றது? ஆளு வரணுமே! மேலதிகாரி மீட்டிங்ல நிக்க வச்சுக் கேக்குறாரு. உன்னவிட வயசுல பெரியவ நான், உன்கிட்ட வந்து கேக்குறேன். கத்துக் குடுப்பியா மாட்டியா?"

உண்ணாமலை முறத்தை நர்சம்மா பக்கம் தள்ளினாள்.

"உக்காரு. கொட்ட எடு."

அன்றைக்கு நர்சம்மா ஒரு கூடை புளிக்குக் கொட்டை எடுத்தார். வேறு ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. போகும்போது விரலெல்லாம் எரிகிறது என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.

ஆனால் அடுத்த வியாழக்கிழமையும் வந்தார். அதற்கடுத்த வியாழனும் வந்தார். உண்ணாமலை எந்த வீட்டுக்குப் போனாலும் பின்னாலேயே போனார். கையில் நோட்டு இருக்கும், தோளில் பை இருக்கும். முகம் மட்டும் ஆரம்பத்திலிருந்தே கடுகடு என்றிருக்கும்.

ஒருநாள் கீழத்தெரு சின்னக்காளி வீட்டுக்குப் போனார்கள். அவளுக்கு மாதம் நிறைந்திருந்தது. நானும் தண்ணீருக்குப் போகிற சாக்கில் கூடவே போனேன். உண்ணாமலை அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து சின்னக்காளியின் ஆட்டைப் பற்றிப் பேசினாள். ஆட்டுக்குக் கழிச்சல். என்ன தழை வைத்தாய், எங்கே மேய்த்தாய் என்று கேட்டாள். பிறகு எழுந்து வந்துவிட்டாள்.

வரப்பில் திரும்பும்போது நர்சம்மாவால் பொறுக்க முடியவில்லை.

"ஆட்டுக்கா வைத்தியம் பாக்க வந்த? வயித்தத் தொட்டுக்கூடப் பாக்கல நீ."

"தொட்டேனே."

"எப்ப?"

"எழுந்திரிக்கறப்ப கை குடுத்தேன்ல. அப்ப."

"என்ன தெரிஞ்சது?"

"புள்ள எறங்கிடுச்சு. பத்து நாள்ல பொறக்கும்."

நர்சம்மா வரப்பிலேயே நின்று நோட்டைப் புரட்டினார். "என் கணக்குப்படி இன்னும் இருபத்தோரு நாள் இருக்கு."

"சரி."

"சரின்னா? ஒண்ணு என் கணக்கு தப்பு, இல்ல உன் கை தப்பு. எது?"

"பொறக்கட்டும். அதயே கேட்டுக்கலாம்."

குழந்தை பன்னிரண்டாம் நாள் பிறந்தது.

"ரெண்டு நாள் தப்பு," என்றார் நர்சம்மா, அடுத்த வியாழக்கிழமை வந்ததும் வராததுமாக.

"ஆமாக்கா. தப்புதான்," என்றாள் உண்ணாமலை.

சண்டை போட வந்தவருக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

இதற்கு நடுவில் நர்சம்மா என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார். நான் ஓடுவதைப் பார்த்தே என்மேல் அவருக்கு ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. எனக்கு ஊசிக்குப் பயம் என்று அவராகவே முடிவு செய்திருந்தார்.

"ஊசி போட மாட்டேன், பூங்காவனம். என் தாலி மேல சத்தியம். வந்து படு, பாத்துட்டு அனுப்பிடுறேன். ரெண்டு நிமிஷம்."

நான் தலையை ஆட்டுவேன். ஆட்டிவிட்டு ஓடிவிடுவேன்.

உண்மையில் ஊசிக்கு எனக்குப் பயமே இல்லை. ஐந்தாம் மாதம் ஒரு தடவை கீழே நர்சம்மாவின் சப்சென்டருக்குப் போயிருந்தேன். அங்கே உயரமாக ஒரு மேசை. மேலே பச்சை ரெக்ஸின். "ஏறி மல்லாந்து படு," என்றார். ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று வெளியே வந்தவள், வீட்டுக்கே வந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் வயிற்றில் பிள்ளை புரளத் தொடங்கிவிட்டால் பிறகு யாரும் மல்லாந்து படுக்க மாட்டோம். இடது பக்கமாக ஒருக்களித்துத்தான் படுப்போம். பிள்ளை பெறுவதும் உட்கார்ந்த வாக்கில்தான். மல்லாத்திக் கிடத்துவது செத்தவர்களை. குளிப்பாட்டித் தூக்குவதற்கு முன் வாசலில் அப்படித்தான் கிடத்துவார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. தண்ணீர் பள்ளத்துக்குத்தான் ஓடும் என்று யாராவது சொல்லித் தருவார்களா?

நர்சம்மாவுக்கும் இது தெரியும் என்றே எல்லோரும் நினைத்தோம். தெரிந்தேதான் படு, படு என்கிறார், அவ்வளவு கல்நெஞ்சு என்று நினைத்தோம்.

ஒரு வியாழக்கிழமை நர்சம்மா வந்த வேகத்தில் பையைத் தரையில் போட்டார். உண்ணாமலை வாசலில் நாங்கள் ஆறேழு பேர் புளி தட்டிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு எனக்கு ஓட வழியில்லை. மடியில் முறம் இருந்தது.

"இன்னைக்கு ஒரு பதில் சொல்லு, உண்ணாமல. நேரா சொல்லு. ஆடு மாடுன்னு சுத்தாத. இவளுங்க ஏன் என்னப் பாத்தா ஓடுறாளுங்க?"

உண்ணாமலை கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். புளி காயப்போட்டிருந்த பாயில் ஒரு மூலையை ஒதுக்கினாள்.

"படுக்கா."

"எதுக்கு?"

"பதில் கேட்டியே. மல்லாந்து படு."

நர்சம்மா எங்களைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார். புடவை கணுக்காலுக்கு மேல் ஏறியது. இழுத்துவிட்டுக்கொண்டார்.

உண்ணாமலை அவர் பக்கத்தில் உட்காரவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு தலைமாட்டில் நின்றாள். எங்களையும் எழுந்து சுற்றி நிற்கச் சொன்னாள். குனிந்து நர்சம்மாவின் வயிற்றை இரண்டு விரலால் அழுத்தினாள்.

"பேரு என்னா?"

"ஏய், என்ன இது?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. எத்தன புள்ள?"

"ரெண்டு."

"எத்தன கலஞ்சது?"

நர்சம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"காதுல விழல? எத்தன கலஞ்சதுன்னு கேட்டேன். கடைசியா எப்ப தலைக்குக் குளிச்ச? ஏன் இவ்வளவு நாளா வரல? மாத்திர முழுங்கினியா, கோழிக்குப் போட்டியா?"

அது அப்படியே நர்சம்மாவின் குரல். சின்னக்காளி பக்கென்று சிரித்துவிட்டாள். பிறகு எல்லோரும் சிரித்தோம். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கீழேயிருந்து பார்க்கும்போது எங்கள் முகங்கள் எப்படித் தெரிந்திருக்குமோ.

நர்சம்மா விருட்டென்று எழுந்தார். முதுகெல்லாம் புளிநார் ஒட்டியிருந்தது.

"என்னை அசிங்கப்படுத்துறதுக்குத்தான் இத்தன வாரமா வரவழைச்சியா?"

"நீ கேட்ட கேள்விக்கு..."

"போதும்மா! உன் பாடமும் வேணாம், நீயும் வேணாம்."

பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். கீழே ஸ்கூட்டர் கிளம்ப மறுத்தது. அவர் அதை உதைக்கிற சத்தம் வெகுநேரம் மேலே கேட்டுக்கொண்டிருந்தது.

"பாவம் அண்ணி அவங்க," என்றேன்.

"பாவந்தான். இன்னும் முழுசா வெளங்கல, அரை கொட்டதான் எடுத்திருக்கு," என்றாள் உண்ணாமலை. அவள் முகத்திலும் சிரிப்பில்லை.

இரண்டு வாரம் கழித்து நர்சம்மா திரும்ப வந்தார். வரும்போதே பேசிக்கொண்டு வந்தார்.

"புரிஞ்சுது. கோவம் அடங்கினதும் புரிஞ்சுது. நாலு பேரு எதிர்ல படுக்க வச்சுக் கேள்வி கேட்டா யாருக்கும் கூசத்தான் செய்யும். அதனால மேசையச் சுத்தித் துணி கட்டிட்டேன். என் நல்ல பொடவ, கல்யாண நாளுக்கு எடுத்தது, ரெண்டா கிழிச்சுக் கட்டியிருக்கேன். இனிமே யாரும் எட்டிப் பாக்க முடியாது. இப்ப வருவாளுங்கல்ல?"

உண்ணாமலை அவரையே பார்த்தாள். "அழகா இருக்குமா?"

"எது?"

"பொடவ."

"இருக்கும். மாம்பழக் கலரு. வருவாளுங்களா மாட்டாளுங்களா?"

யாரும் போகவில்லை. மாம்பழக் கலர் துணிக்குள்ளே அதே மேசைதானே இருந்தது. நர்சம்மா தினமும் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார் என்று ரேஷன் கடைக்குப் போய் வந்தவர்கள் சொன்னார்கள்.

எனக்கு ஒன்பதாம் மாதம் பிறந்து நாலாம் நாள், காலையில் எழுந்தால் மெட்டி விரலை இறுக்கியது. முகம் கனத்தது. அடுப்படியில் குனிந்தபோது கண்ணுக்கு முன்னால் மின்மினி மாதிரி பறந்தது. மாமியாரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. உட்கார்ந்து சோறு பொங்கினேன். உண்ணாமலை நெருப்பு வாங்க வந்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"கால நீட்டு."

முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்திவிட்டு எடுத்தாள். பள்ளம் பள்ளமாகவே இருந்தது.

"தல வலிக்குதா?"

"ரெண்டு நாளா."

"ரெண்டு நாளா! வாயத் தொறந்தா முத்து கொட்டிடுமா?"

அண்ணி என்னை அதட்டியது அதுதான் முதல் தடவை. நெருப்பு வாங்கவில்லை. நேராகக் கீழே இறங்கிப் போய், நர்சம்மாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு வந்தாள்.

நர்சம்மா என் கையில் பிரஷர் பார்க்கிற பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். முள் எங்கேயோ போய் நின்றது. இன்னொரு தடவை அடித்தார். பட்டையைக் கழற்றிப் பையில் திணித்தார்.

"இப்பவே கீழ போகணும். பெரிய ஆஸ்பத்திரி. இன்னும் கொஞ்ச நேரம் போனா வலிப்பு வரும். தாயும் போயிடும் புள்ளயும் போயிடும்."

மாமியார் உண்ணாமலையின் கையைப் பிடித்தார். "நீயே பாரும்மா. உன் கையிலயே ஆகட்டும்."

"இது என் கையில ஆகாது சின்னம்மா."

"இத்தன பேருக்குப் பாத்தியே!"

"இப்படி ரெண்டு பேருக்குப் பாத்தேன். ரெண்டு பேரையும் நீங்களுந்தான் தூக்கிட்டுப் போனீங்க. புதைக்க."

மாமியார் கையை விட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மாட்டேன் என்று தலையாட்டினேன்.

"செத்துடுவடி!" நர்சம்மா கத்தினார். "புரியுதா? செத்துடுவ! ஊசிக்குப் பயந்து யாராவது சாவாங்களா? உண்ணாமல, நீ சொல்லு இவளுக்கு. உன் பேச்சத்தான கேப்பா!"

"அவளக் கேளு அக்கா, ஏன் மாட்டேங்குறான்னு."

"மூணு மாசமா அதத்தான கேட்டுக்கிட்டு இருக்கேன்!"

"திட்டிக்கிட்டு இருந்த. இப்ப கேளு."

நர்சம்மா பல்லைக் கடித்தார். பிறகு என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முழங்கால் சடக்கென்றது.

"ஏன்மா வர மாட்டேங்குற?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் பொறுத்தார். கொஞ்ச நேரம்தான்.

"சொல்லேன்! வாயில என்ன கொழுக்கட்டயா?"

"அக்கா," என்றாள் உண்ணாமலை மெதுவாக. "பேச்சு இப்பத்தான் தல திரும்பிக்கிட்டிருக்கு, புள்ள மாதிரி. கைய விட்டு இழுக்காத."

நர்சம்மா வாயை மூடிக்கொண்டார். அவருடைய நெற்றியிலிருந்து வேர்வை இறங்கி மூக்கு நுனியில் நின்றது. துடைக்கவில்லை. ஒரு கோழி உள்ளே வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கொத்திவிட்டுப் போனது. அதையும் விரட்டவில்லை.

"படுக்கச் சொல்லக் கூடாது," என்றேன்.

"என்னது?"

"மல்லாக்க. படுக்கச் சொல்லக் கூடாது."

நர்சம்மாவுக்கு விளங்கவில்லை. என் மாமியாருக்குத்தான் கோபம் வந்தது. "புள்ள புரண்டதுக்கப்புறம் யாராச்சும் மல்லாக்கப் படுப்பாங்களா? பொணத்தயா கெடத்துறது? நீதான் தெரிஞ்சே எல்லாத்தையும் மேசையில ஏறு, படுங்கிற."

"தெரிஞ்சேவா? எனக்கா?"

நர்சம்மா எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். பிறகு குத்துக்காலிட்டிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஊசின்னு நெனச்சேன்டி! தாலி மேல சத்தியமெல்லாம் பண்ணேன். பொடவய வேற கிழிச்சேன்! ஒருத்தி, ஒரே ஒருத்தி சொல்லியிருக்கக் கூடாதா?" உண்ணாமலை பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நோட்டுல எழுதியிருப்ப."

"எழுதினா என்ன?"

"நாளைக்கு உன்ன வேற மலைக்கு மாத்துவாங்க. அங்க போயி, படுத்திருக்கிறவளயெல்லாம் உக்காரு உக்காருன்னு அதட்டுவ."

"அதுக்குள்ள இவ செத்திருந்தா?"

உண்ணாமலை கீழே பார்த்தாள்.

"அது என் தப்பு," என்றாள்.

நர்சம்மா என் பக்கம் திரும்பினார். "அங்க உன்ன மல்லாக்க..." என்று தொடங்கி நிறுத்தினார். "இந்தா பாரு. அங்க டாக்டர் என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது. மேசையிலதான் ஏத்துவாங்க. நான் கேட்டுப் பாக்குறேன். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

அன்றைக்குத்தான் நான் அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். வலது புருவத்தில் சின்னதாக ஒரு தழும்பு இருந்தது.

"வர்றேன்," என்றேன்.

பிறகு பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். சின்னக்காளி என் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள். ஒருத்தி அரிசி முடிந்து தந்தாள். இன்னொருத்தி மேட்டில் ஏறி நின்று, சிக்னல் கிடைக்கிற இடத்தில் ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். என் வீட்டுக்காரரும் வேறு மூன்று பேரும் என்னைச் சுமந்து இறக்கக் கம்பில் போர்வை கட்டினார்கள்.

"இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க," என்றார் நர்சம்மா.

"அப்படித்தான நாங்க எப்பவும் படுக்க வைக்கிறோம்," என்றார் மாமியார். "இப்ப நீ என்னா புதுசா சொல்ற?"

"என் நேரம்," என்றார் நர்சம்மா.

ஆஸ்பத்திரியில் ஐந்து ஊசி போட்டார்கள். நான் எண்ணினேன். வலி வந்துவிட்டது. பிரசவ அறை வாசலில் ஆயா வழி மறித்தாள்.

"கூட ஒரு பொம்பள ஆளுதான். யாரு?"

எல்லோரும் உண்ணாமலையைப் பார்த்தோம். அவள் நர்சம்மாவின் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "இவங்க."

"நானா? பிரசவம் பாக்கத்தான் உள்ள அத்தன பேர் இருக்காங்களே. நான் போயி என்ன பண்றது?"

"அவளுக்குப் பின்னால உக்காரு. எங்க வீட்டுல நாங்க உக்கார்றோம்ல, அப்படி. அவ முதுகு உன் நெஞ்சுல சாஞ்சிருக்கணும்."

"அதுக்கு நீ போயேன்! உனக்குத்தான பழக்கம். இருபத்துநாலு வருஷமா புள்ளய வாங்குற பக்கம் நின்னவ நான். என்னப் போயி பின்னால உக்காருங்கிற."

"என்ன மேசையவிட்டு எறங்குன்னா எறங்கிடுவேன் அக்கா. உன்ன எறக்குறது கஷ்டம்."

உள்ளே அந்த மேசை எங்கள் சப்சென்டர் மேசையைவிட உயரம். நான் ஏறியதும் நர்சம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையை வாரிச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஏறிவிட்டார். இரண்டு காலையும் என் இரண்டு பக்கமும் நீட்டி, என்னைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டார்.

டாக்டரம்மா சின்ன வயசு. உள்ளே வந்தவர் நின்றுவிட்டார்.

"சிஸ்டர், நீங்க எங்க உக்காந்திருக்கீங்க?"

"இங்கதான் எடம் இருந்துச்சு மேடம்."

"எறங்குங்க. அந்தம்மாவப் படுக்கச் சொல்லுங்க."

"படுத்துத்தான் மேடம் இருக்கா. என் மேல."

"இதென்ன ரூல்ஸ்?"

"எனக்கு முழங்கால் வலி மேடம். ஏறவே இவ்வளவு கஷ்டப்பட்டேன். இனிமே புள்ள பொறந்தாத்தான் எறங்க முடியும்."

டாக்டரம்மா ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் எனக்கு வலி வந்துவிட்டது. நான் நர்சம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. டாக்டரம்மா ஒருதரம் "ப்ச்" என்றது மட்டும் கேட்டது. காதுக்குப் பக்கத்தில் நர்சம்மா மூச்சு விட்டது கேட்டது. முக்கு என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான் முக்கும்போது அவரும் முக்கினார்.

பெண் பிள்ளை. அழுதாள். அன்றைக்கு வலிப்பு வரவில்லை, மறுநாளும் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் வார்டில் பிள்ளையைப் பக்கத்தில் போட்டு ஒருக்களித்துப் படுத்திருந்தேன். நர்சம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் என் நகம் பதிந்த இடம் கன்றியிருந்தது. உண்ணாமலை கால்மாட்டில் நின்று பிள்ளைக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு பிரசவம் பாத்திருப்பேன், உண்ணாமல," என்றார் நர்சம்மா. "தல தெரியறது, தோள் திரும்புறது, கொடி எந்தப் பக்கம் இருக்கு, எல்லாம் கண்ணால பாத்தவ. நேத்து என்ன பாத்தேன்? இவ கொண்டயத்தான் பாத்தேன். அதுவும் அவுந்து என் வாயிலெல்லாம் முடி. பொண்ணா பையனான்னுகூட டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உங்கிட்ட கத்துக்க வந்து, ஒரு பிரசவத்துல ஒண்ணுமே பாக்காம வந்திருக்கேன்."

உண்ணாமலை துணியை மடித்து முடித்து, பிள்ளையைத் தூக்கி நர்சம்மாவின் மடியில் வைத்தாள்.

"பெத்தவளுந்தான் பாக்கலக்கா."